உப்பு மீன் தாளில் வந்த இங்கிலீஷ்

ஆர்மு அண்ணே, இந்த வாரம் உன் முறை.

இத்தனை வாரமும் இந்தப் பத்திரிகையில் அம்மாவைப் பற்றி எழுதினேன், தொலைந்த கோழியைப் பற்றி எழுதினேன், புயலில் பறந்த எங்கள் தகரக் கூரையைப் பற்றி எழுதினேன். உன்னை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். உன் பேரை எழுதினால் தாள் நனைந்துவிடும் என்று பயம். இன்றைக்கு அவ்வளவு பயமில்லை. நீ பண்ணின கூத்தை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது.

அன்றைக்குக் காலை வெயில் ஏறுகிற நேரம். எங்கள் தீவில், பிளேன் மாக்னியன் ஏர்போர்ட்டில் ஒரு தகர அறை. அதற்குள் என் அண்ணன் ஆறுமுகம் ஓர் இங்கிலீஷ் துரைக்கு முன்னால் நிற்கிறான். வேலைக்கு ஆள் எடுக்கிற நாள். கூரைக்குள் வந்த பிறகும் தொப்பியைக் கழற்றாத துரை அவர். அதனால் ஊரில் அவருக்குத் தொப்பி துரை என்று பேர்.

“உன் பேர் என்ன?” என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது தடவை மெதுவாகக் கேட்டார். மூன்றாவது தடவை, செவிடனிடம் கேட்பது போலக் கத்திக் கேட்டார். அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, முடிக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, துரையைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டே நின்றான்.

நான் கதவோரத்தில் அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது வயது பதினாறு. பதற்றத்தில் என் விரல் பட்டு சைக்கிள் மணி கிணுகிணுத்தது.

என் அண்ணனுக்குத் தன் பேர் தெரியாமல் இல்லை. துரையே அசந்துபோகிற அளவு இங்கிலீஷ் வைத்திருந்தான், எல்லாம் ஒரே வார்த்தையில். ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும் அவன் பேசக்கூடாது. ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரண்டு பக்கம் பிடித்த வார்த்தை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேசுவது பாதிக்கு மேல் கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த இந்தத் தீவுப் பேச்சு. மிச்சம்தான் தமிழ். இங்கே எழுதும்போது எல்லோரையும் தமிழிலேயே பேசவைக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்து கோவில் வகுப்பில் வந்தது. பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திவிடுகிறார், அவருக்குப் புண்ணியம்.

அண்ணன் ஆறாம் வகுப்பு வரைக்கும் போனான். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிப்பான், பிரெஞ்சும் வாசிப்பான். ஆனால் இங்கிலீஷில் பேச எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? தோட்டத்து முதலாளிக்குப் பிரெஞ்சு. கடைக்காரருக்குக் கிரியோல். சாமிக்குத் தமிழ். இங்கிலீஷ் என்பது கோர்ட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஏர்போர்ட்டிலும் இருக்கிற சமாசாரம்.

அண்ணனுக்கு ஏர்போர்ட்டில் வேலை வேண்டும். அவியோன் என்று நாங்கள் சொல்கிற விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வேலை, ஏணி தள்ளுகிற வேலை, பெட்டி இறக்குகிற வேலை. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனால் வருஷம் முழுக்க இருக்கிற வேலை. அது கிடைக்காவிட்டால் அடுத்த வெட்டுக்குக் கரும்புக் காடுதான். அப்பா இருபத்தெட்டு வருஷமாக வெட்டுகிறார். அவருக்கு ஒரு தோள் மேலே ஏறாது. கத்தியை இடது கைக்கு மாற்றி மாற்றி வெட்டுவார். அண்ணன் வேலைக்குப் போனால் அப்பா வீட்டில் இருக்கலாம். அண்ணனும் வெட்டத்தான் போக வேண்டும் என்றால், இருவர் வெட்டினால்தான் வீடு நடக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒருநாள் அம்மா சீனாக்காரர் கடையில் உப்பு மீன் வாங்கி வந்தாள். கடைக்காரர் அதைப் பழைய புத்தகத் தாள் ஒன்றில் சுற்றிக் கொடுத்திருந்தார். இங்கிலீஷ் வார்த்தைக்குப் பிரெஞ்சில் அர்த்தம் போட்ட அகராதியின் ஒரு தாள். அண்ணன் மீனை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தாளை வெயிலில் காயவைத்தான்.

“ஏண்டா, மீன் நாத்தம் அடிக்குது, தூக்கிப் போடு” என்றாள் அம்மா.

“இரும்மா. இங்க வந்து பாரு. முன்பக்கம் ஒரே வார்த்தை. பின்பக்கமும் அதே வார்த்தை.”

“அதுக்கு?”

“மத்த வார்த்தைக்கெல்லாம் ரெண்டு வரி, மூணு வரி. இதுக்கு மட்டும் ரெண்டு பக்கம் குடுத்திருக்கான். அப்ப இங்கிலீஷ்காரன் வாயத் தொறந்தா இதைத்தான் சொல்லுவான்.”

அந்த வார்த்தை ‘கெட்’.

வீடு முழுக்க கெட்

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. தாளைக் கட்டிலுக்கு மேலே சோற்றுப் பசை போட்டு ஒட்டினான். மழை நாளில் கட்டில் பக்கம் போனால் உப்பு மீன் வாசம் வரும். எனக்குப் பசிக்கும்.

காலையில் என் போர்வையை இழுத்து “கெட் அப்” என்பான். எழுந்திரு என்று அர்த்தம். சைக்கிள் பின்னால் ஏறச் சொல்ல “கெட் ஆன்”. இறங்கச் சொல்ல “கெட் ஆஃப்”. பூனை அடுப்படிக்குள் வந்தால் “கெட் அவுட்”. அந்தப் பூனைக்கு அது பழகியே போய்விட்டது. கிரியோலில் விரட்டினால் போகாது, கெட் அவுட் என்றால்தான் போகும்.

தாளில் இன்னும் எவ்வளவோ இருந்தது. வாங்குவதும் கெட். கொண்டுவருவதும் கெட். சளி பிடிப்பதும் கெட், போய்ச் சேருவதும் கெட், புரிந்துகொள்வதும் கெட், கல்யாணம் கட்டுவதும் கெட். நனைவது, கோபப்படுவது, கிழவனாவது, எல்லாம் அதே ஒன்றுதான். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம். நாம் தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையைத் தேடி எடுக்கிறோம். இந்த இங்கிலீஷ்காரர் ஒரே சட்டியில் சோறும் ஆக்கி, துணியும் துவைத்து, குழந்தையையும் குளிப்பாட்டுகிறார்.

“இது ஒழுங்கான வார்த்தையே இல்ல அண்ணே” என்று ஒருநாள் சொன்னேன். “இதுக்குன்னு சொந்தமா ஒரு அர்த்தமும் இல்ல.”

“அதான் பாப்பா அதோட ஜோரு. வெறும் பை. நீ எத வேணா போட்டுக்கலாம்.”

தாளின் நடுவில் மீன் எண்ணெய் இறங்கி நாலைந்து வரி அழிந்துபோயிருந்தது. அந்த இடத்துக்கு அண்ணன் தானே அர்த்தம் போட்டுக்கொண்டான். ‘கெட் காவடி’ என்றால் காவடி எடுப்பது என்றான். இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

அப்பாவுக்கு முன்பே தெரிந்தது

அப்பா மட்டும் இந்தக் கூத்தில் சேரவில்லை. வாசலில் கத்தி தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவரிடம் போய், “பா, உங்களுக்கும் ஒண்ணு சொல்லித் தரவா?” என்றான்.

“அந்த வார்த்தைய எனக்கு நீ சொல்லித் தர வேணாம்” என்றார் அப்பா. “அது எனக்குத் தோள்ல எழுதியிருக்கு.”

அது நாங்கள் பிறக்கும் முன்னால் நடந்தது. தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்த காலம். அப்பா அப்போது அண்ணன் வயதுப் பிள்ளை. கூலி போதவில்லை என்று சொல்ல எல்லோரும் ரோட்டில் நடந்து போனார்களாம். எதிரே போலீஸ் வரிசை. முன்னால் நின்ற இங்கிலீஷ் அதிகாரி “கெட் பேக், கெட் பேக்” என்று கத்தினாராம். பின்னால் போ என்கிறார் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தடி தோளில் இறங்கின பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் போன தோள்தான் மேலே ஏறாத அந்தத் தோள்.

எனக்கு அது அன்றுதான் தெரியும். மரத்திலிருந்து விழுந்தார் என்றுதான் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

அண்ணன் உள்ளே போனான். கட்டிலில் ஏறி நின்று தாளில் விரலை ஓட்டித் தேடினான். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே சொன்னான்.

“பா, அதுக்கு இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கு. போனதைத் திரும்ப வாங்குறதுன்னு.”

அப்பா கத்தி தீட்டுவதை நிறுத்தினார். “போலீஸ்காரன் அத சொல்லலியே” என்றார். பிறகு, “சரி, நீ அத மட்டும் வெச்சுக்க” என்றார்.

அன்றைக்கு என்னவோ நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

முருகனிடம் செய்துகொண்ட ஒப்பந்தம்

ஏர்போர்ட்டுக்கு மனுப் போட்டு மாதங்கள் ஆயின. பதில் இல்லை. தைப்பூசம் வந்தது. எங்கள் ஊரில் காவடி என்றால் சும்மா இல்லை. கொடியேற்றின நாளிலிருந்து பத்து நாள் விரதம். கறி மீன் கிடையாது, பாயில்தான் படுக்கை, கையில் மஞ்சள் காப்பு. காவடி அன்றைக்கு ஆற்றில் குளித்து, நாக்கில் வேல் குத்தி, காவடியைத் தோளில் ஏற்றி, வெயிலில் தார் ரோட்டில் கோவில் வரைக்கும் நடக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் கொடி இறக்கிக் காப்பு அவிழ்ப்பார்கள்.

அண்ணன் அந்த வருஷம் வேலைக்காக வேண்டிக்கொண்டான். மற்றவர்கள் மாதிரி வேண்டிக்கொண்டால் முருகன் கவனிக்க மாட்டார் என்று நினைத்தானோ என்னவோ, மேலே ஒன்று சேர்த்தான். காப்புக் கட்டினதிலிருந்து அவிழ்க்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று கொடிமரத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டான்.

“ரெண்டு நாள்னு சொல்லியிருக்கலாமே” என்றாள் அம்மா. அவன் கையை விரித்துக் காட்டினான். ஏற்கெனவே வாயைக் கட்டியாயிற்று.

மூன்றாம் நாள் தபால்காரர் வந்தார். ஏர்போர்ட் கடிதம். நேரில் வர வேண்டும், இங்கிலீஷில் சோதனை இருக்கும் என்று எழுதியிருந்தது. அண்ணன் நாளைப் பார்த்தான். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

காவடிக்கு மறுநாள் காலை. காப்பு அவிழ்ப்பது அன்று சாயங்காலம்.

அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்பனே முருகா, வேலைக்காகத்தான் வாயைக் கட்டினான். இப்ப வாயைக் கட்டினதால வேலை போவுது. இது என்ன நியாயம், நீயே சொல்லு.”

முருகனும் அந்தப் பத்து நாள் மௌனம் போலிருக்கிறது.

“ஒரு அரை நாள் முன்னாடி அவுத்தா என்ன?” என்று நான் கேட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவன் தூங்கும்போது காப்பை நானே கத்தரித்துவிடலாமா என்று யோசித்தேன். கத்தரிக்கோலைத் தேடினேன். அம்மா அதை முன்னாலேயே ஒளித்து வைத்திருந்தாள். அவளுக்கும் அதே யோசனை வந்து, தன் கைக்கே பயந்து ஒளித்தாளாம்.

அந்தப் பத்து நாளில் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் எங்கள் வாயையும் கையையுமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை லேசாக அடுப்புப் பக்கம் திருப்பினால் விறகு வரும். அம்மா முந்தானையை இழுத்தால் தண்ணீர் வரும். கேட்கிறதுக்கு முன்பே செய்துவிடுவான்.

“பேசாம இருந்தா எவ்ளோ நல்ல புள்ள” என்றாள் அம்மா. “முருகா, ஒரு மாசம்னு கேட்டிருக்கலாம்.”

நாக்கைக் காட்டியது

காவடி எடுத்தான். நாக்கில் வேலோடு நாலு மைல் நடந்தான். மறுநாள் விடிந்ததும் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். ஏர்போர்ட் வாசலில் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே என்று அம்மா என்னைப் பின்னால் ஏற்றிவிட்டாள்.

அப்படித்தான் அந்தத் தகர அறைக்கு வந்து சேர்ந்தோம். துரை மூன்று தடவை பேர் கேட்டு, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் முஸ்யே பிரான்சுவா நின்றார். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மேஸ்திரி. கிரியோல்காரர், வயிறு பெரிது. அவர் அண்ணனிடம், “கோஸ், தம்பி, கோஸ்” என்றார். பேசு என்கிறார். “ஒரு எஸ் சொல்லு. ஒரு நோ சொல்லு. வாயில என்ன வெச்சிருக்க?”

அண்ணன் என்ன நினைத்தானோ, வாயைத் திறந்து துரைக்கு நேரே நாக்கை நீட்டினான்.

வரிசையில் நின்ற மற்ற ஐந்து பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஓர் இங்கிலீஷ் துரைக்கு முன்னால் நாக்கை நீட்டுவதாவது. துரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு முன்னால் குனிந்து பார்த்தார். நாக்கு வீங்கி, நடுவில் வேல் குத்தின புள்ளி இருந்தது.

நான் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினேன். “முஸ்யே, அவன் திமிர் பிடிச்சவன் இல்ல. நேத்து காவடி எடுத்தான். சாயங்காலம் காப்பு அவுக்குற வரைக்கும் பேச மாட்டேன்னு சாமிக்கு வாக்கு குடுத்திருக்கான். சாயங்காலம் வந்து எல்லாத்தையும் பேசுவான்னு சொல்லுங்க.”

முஸ்யே பிரான்சுவா தன் இங்கிலீஷில் சொன்னார். அவர் சின்ன வயதிலிருந்து காவடி பார்த்தவர். கையை நாக்குக்குக் கொண்டுபோய் வேல் குத்துவது போல நடித்தும் காட்டினார்.

துரை கேட்டுக்கொண்டார். கோபம் தணிந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதை முஸ்யே பிரான்சுவா மெதுவாக எங்களுக்குச் சொன்னார்.

“நல்ல பையன்னு சொல்றாரு. ஆனா பேசாதவனுக்கு எப்படி சோதனை வைக்கிறது, சாயங்காலம் இவர் இருக்க மாட்டாரு, ஆள் இன்னிக்கே எடுக்கணும்னு சொல்றாரு. என்னை மன்னிச்சுக்க, தம்பி.”

துரை காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான்.

வெளியே வந்தோம். அண்ணன் சைக்கிளைத் தள்ளவும் இல்லை, ஏறவும் இல்லை. கயிறு கட்டின எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று ஓடுபாதையையே பார்த்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தது. “அப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லு” என்றேன். சொல்ல முடியாதவனிடம் சொன்னேன். அதைவிடக் கெட்ட வார்த்தை எதுவும் நான் அவனிடம் பேசினதில்லை.

சத்தத்துக்கு நடுவில்

அந்த நேரம் அவியோன் வந்தது. இறக்கையில் நாலு விசிறி. தரையே அதிர்ந்தது, என் பாவாடை பட்டம் மாதிரி பறந்தது. அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிறவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது.

துரை மற்ற ஐந்து பேரையும் அழைத்து வந்து நிறுத்தினார். இதுதான் மிச்ச சோதனை. அவியோன் நின்றது, ஆனால் விசிறிகள் இன்னும் ஓயவில்லை. துரை தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கத்தினார்.

முதல் ஆள் காதில் கையை வைத்து “சர்?” என்றான். அவன் கியூர்பிப் டவுனில் காலேஜ் படித்தவன், அறைக்குள் துரையோடு கடகடவென்று பேசினவன். இரண்டாவது ஆள் ஓடிப்போய் ஏணியைத் தொட்டான். மூன்றாவது ஆள் பெட்டி வண்டியைப் பிடித்தான். துரை தலையை ஆட்டி மறுபடி கத்தினார். ஐந்து பேரும் ஐந்து பக்கம் திரும்பினார்கள்.

அண்ணன் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து துரையின் வாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் அந்த ஒரே வார்த்தைதான். கெட். எனக்கே தெரிந்தது, அத்தனை மாதம் கட்டிலுக்கு மேலே பார்த்த வார்த்தையாயிற்றே. ஆனால் எதைக் கெட்? மிச்சமெல்லாம் காற்றோடு போய்விட்டது. கை மட்டும் சக்கரத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்தது.

அண்ணன் முஸ்யே பிரான்சுவாவைப் பார்த்தான். கீழே கிடந்த மரக்கட்டையைக் காட்டினான். சக்கரத்தைக் காட்டினான். முஸ்யே பிரான்சுவா துரையின் முதுகை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெரிய வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். விசிறி இருக்கிற பக்கத்தைக் காட்டி, அந்தப் பக்கம் போகாதே என்று கையை ஆட்டினார்.

அண்ணன் குனிந்து உள்ளே போனான். சுற்றிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டை, பின்னால் ஒரு கட்டை வைத்தான். நிமிர்ந்து துரையின் வாயைப் பார்த்தான்.

துரைக்குக் காற்றில் கண் சரியாகத் தெரியவில்லை. செய்கிற ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று அவனுக்கே சொல்லிக்கொண்டு போனார். கெட், கை மேலே போனது. அண்ணன் ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவோடு சேர்த்தான். கெட், கை மேலிருந்து கீழே வந்தது. ஏறிப் பெட்டியை இறக்கினான். கெட், கை வெளிப்பக்கம் வீசியது. வழியில் நின்ற காலேஜ் பையனைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டான். ஒன்றும் தப்பவில்லை. பத்து நாள் எங்கள் முகத்தையே பார்த்துப் பார்த்து வேலை செய்தவன். துரையின் கை அம்மாவின் முந்தானையைவிடத் தெளிவாகவே பேசியது.

கடைசி விசிறி நின்றது. காதுக்குள் அமைதி ஊ என்று கேட்டது. துரை அப்போதுதான் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்ட ஆளைச் சரியாகப் பார்த்தார்.

முஸ்யே பிரான்சுவாவிடம் என்னவோ கேட்டார். அவரும் என்னவோ சொன்னார். சைக்கிளில் திரும்பும் முன் அதை எனக்குக் கிரியோலில் சொன்னார்:

“இவன்தானே பேசாதவன்னு கேட்டாரு. ஆமா, துரை, இந்தச் சத்தத்துல இங்க நாம யாரு பேசுறோம்னு நான் கேட்டேன்.”

துரை தொப்பியைக் கழற்றினார். நானே பார்த்தேன். உள்ளே முழு வழுக்கை. கைக்குட்டையால் தலையைத் துடைத்துவிட்டு, காகிதத்தையும் பேனாவையும் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் தன் பேரைப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வொன்றாக, கோணாமல் எழுதினான்.

சாயங்காலம்

வேலை கிடைத்ததை வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்னைக் கொன்றிருப்பான். வரும் வழியிலேயே உதட்டில் விரலை வைத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நானே சொல்வேன் என்று அர்த்தம். அம்மா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். அப்பா கேட்கவே இல்லை. கிடைக்கவில்லை என்று நினைத்துவிட்டார். மதியம் கல்லை எடுத்துக் கத்தி தீட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதுதான் என் விரதம்.

சாயங்காலம் கோவிலில் கொடி இறக்கினார்கள். ஐயர் காப்பை அவிழ்த்தார். வாழையிலையில் ஏழு காய்கறியோடு சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பையன் பத்து நாள் கழித்து முதலில் என்ன பேசுவான் என்று சுற்றி ஒரு கூட்டம். முருகா என்பான் என்று அம்மா சொன்னாள். பருப்பு போடு என்பான் என்றார் பரிமாறுகிறவர்.

அண்ணன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. செருமினான். கூட்டத்தைத் தாண்டிப் போய், தூண் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா முன்னால் குந்தினான்.

“பா, நாளைலேருந்து நீங்க காட்டுக்குப் போவேணாம்.”

அப்பா அவன் வாயைப் பார்த்தார். “நாக்கு இன்னும் வீங்கியிருக்கு” என்றார். “மொதல்ல தண்ணி குடி.” பிறகு சரியில்லாத தோளைத் தானே தடவிக்கொண்டார்.

அண்ணன் நாலு வருஷம் அந்த வேலையில் இருந்தான். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. போன குளிர்காலம் மஞ்சள் காமாலை வந்து, பதினைந்து நாளில் போய்விட்டான். இருபத்தாறு வயது. ஊரெல்லாம் சுதந்திரம் வந்து புதுக் கொடி ஏறப்போகிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் அதைப் பார்க்காமல் போய்விட்டான். எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

கருமாதி முடிந்த வாரம், விடிகாலையில் அப்பா கூரைச் செருகலிலிருந்து கத்தியை எடுத்தார். நான் பின்னாலேயே போய்க் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இப்போது ஏர்போர்ட்டில் தட்டு கழுவுகிற வேலைக்கு நான் போகிறேன். முஸ்யே பிரான்சுவாதான் சேர்த்துவிட்டார். அண்ணன் அப்பாவிடம் சொன்ன சொல் இதுவரைக்கும் நிற்கிறது. அப்பா காட்டுக்குப் போகவில்லை. அதை நிற்கவைக்கத் தினமும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

வீட்டில் மூன்று பேரும் அவனுக்காகக் கும்பிடுகிறோம். மூன்று பேர் போதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இதை வாசிக்கிற நீங்கள் கோவிலுக்குப் போகிறவரோ, மாதா கோவிலுக்கோ மசூதிக்கோ போகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. அடுத்த தடவை உங்கள் சாமி முன்னால் நிற்கும்போது, உங்கள் வேண்டுதலெல்லாம் முடித்துவிட்டு, பிளேன் மாக்னியன் ஆறுமுகம் நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாய்விட்டே சொல்லுங்கள்.